மாஸ் என்றால் பாசியா, சதுப்பு நிலமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆங்கிலத்தில் 'மாஸ்' என்ற சொல் முதலிலிருந்தே பாசியைத்தான் குறித்ததா?

இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'மோஸ்' என்றால் சதுப்பு நிலம், அதாவது கால் வைத்தால் புதைகிற ஈரத்தரை. செடிக்கு அப்போது 'மெயோஸ்' என்று தனிச்சொல் இருந்தது, இரண்டும் ஒரே குடும்பம்தான். பிற்பாடு, நிலத்தின் பெயரே அதில் மண்டிக் கிடக்கும் செடிக்கும் நிலைத்துவிட்டது. லத்தீனில் பாசிக்கு 'முஸ்குஸ்' என்று பெயர், அதுவும் உறவுக்காரச் சொல்தான். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஈரம் என்ற பொருள் கொண்ட ஒரு வேர் இருந்திருக்க வேண்டும் என்பது மொழியியலாளர்கள் கருத்து.

வட இங்கிலாந்து வரைபடத்தில் சாட் மாஸ், லிண்டோ மாஸ் என்று பார்க்கிறேனே, இவை என்ன?

நல்ல கேள்வி. பழைய பொருள் அந்தப் பக்கத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அவை எல்லாம் மட்கிய பாசி அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவான சதுப்புகள். 1830-இல் திறந்த லிவர்பூல்-மான்செஸ்டர் ரயில் பாதை சாட் மாஸைத்தான் கடந்தது. கொட்டிய மண்ணை எல்லாம் சதுப்பு விழுங்கிக்கொண்டே இருக்க, பாதையை அமைத்த பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீபன்சன் மரக்கிளைகளையும் புதர்ச்செடிகளையும் பின்னிப் படுக்கையாகப் போட்டு, அதன் மேல் தண்டவாளத்தை மிதக்க விட்டார். லிண்டோ மாஸில் 1984-இல் ஏறத்தாழ 2000 ஆண்டு பழைய மனித உடல் தோலோடு கிடைத்தது. அங்கே வளரும் ஸ்பேக்னம் என்ற பாசி தண்ணீரை அமிலமாக்கிவிடும், ஆக்சிஜனும் குறைவு, அதனால் உடல் அழுகவில்லை. இந்த ஸ்பேக்னத்தின் இலையை உருப்பெருக்கியில் பாருங்கள்: பச்சை செல்களுக்கு நடுவே செத்துப்போன வெற்று செல்கள் துளைகளோடு இருக்கும், தண்ணீர் அதற்குள்தான் போய்த் தங்குகிறது. ஒரே சொல் நிலத்துக்கும் செடிக்கும் பொருந்திப்போனதில் வியப்பே இல்லை, அந்த நிலத்தை உண்டாக்குவதே இந்தச் செடிதானே!

ஸ்பானிஷ் மாஸ், ஐரிஷ் மாஸ், ரெயின்டீர் மாஸ் எல்லாம் ஒரே இனமா?

எதுவுமே மாஸ் இல்லை! முதலாவது அன்னாசிக் குடும்பத்துப் பூக்கும் செடி, இரண்டாவது சிவப்புக் கடற்பாசி, மூன்றாவது லைக்கன், அதாவது பூஞ்சையும் ஆல்காவும் கூட்டாக வாழும் உயிர். தாழ்வாக, மெத்தென்று, அல்லது தொங்கிக்கொண்டு இருந்தால் போதும், மக்கள் மாஸ் என்று சொல்லிவிட்டார்கள்.

பேச்சில் 'செம மாஸ்' என்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றா?

தொடர்பே இல்லை. அது திரள், கூட்டம் என்ற பொருளுள்ள வேறு ஆங்கிலச் சொல். லத்தீனில் பிசைந்த மாவுக் கட்டியைக் குறித்த 'மஸ்ஸா'விலிருந்து வந்தது.

தமிழில் பாசி என்றே எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். ஆனால் குளத்து நீரில் படர்வதையும் ஈரச்சுவரில் படிவதையும் நாம் பாசி என்றே சொல்கிறோம். முதலாவது ஆல்கா, அதற்குத் தண்டும் இலையும் கிடையாது. மாஸுக்குக் குட்டித் தண்டும் இலையும் உண்டு, உண்மையான வேர்தான் இல்லை. அதனால் செடியியல் கட்டுரை என்றால் எதைச் சொல்கிறீர்கள் என்று முதல் வரியிலேயே தெளிவாக்கிவிடுங்கள். அப்புறம் பாசி என்றே தொடரலாம்.