குளிரில் ஸ்குரூ பிடிக்க எந்தக் கையுறை?

கேள்வி கேட்டவர் யாழ்ப்பாணத்தில் சிசிரிவி கமெரா பூட்டுகிற ஒரு தம்பி. தை மாதம் ரொறன்ரோ போகிறார். அங்கேயும் இதே வேலைதான், வெளியில் நின்று செய்வது. கையுறை மெல்லிசாகவும் இருக்க வேண்டும், சூடாகவும் இருக்க வேண்டும், ஸ்குரூவும் பிடிபட வேண்டும். எதை வாங்குவது, இங்கேயே வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நான் ரொறன்ரோவில் ஒன்பது வின்ரர் ஏணியில் நின்று கேபிள் இணைத்தவன். இப்போது கோண்டாவிலில் இருக்கிறேன். நேரே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் கேட்கிற மூன்றும் ஒரே கையுறையில் கிடைக்காது. மெல்லிய ஒன்றைக் கழற்றாமல் போட்டிருங்கள். அதற்கு மேலே பெரிய மிற்றன் ஒன்றைப் போடுங்கள், நான்கு விரலும் ஒரே பைக்குள் போகிற வகை. வேலை செய்கிற இரண்டு நிமிசத்துக்கு மட்டும் மிற்றனைக் கழற்றுங்கள், முடிந்ததும் உடனே திரும்பப் போடுங்கள்.

முதல் வின்ரரில் எனக்கு இது தெரியாது. பனிச்சறுக்குக்குப் போடுகிற மொத்தமான கையுறையை வாங்கினேன். கேபிள் நுனியில் பூட்டுகிற கொனெக்ரர் சுண்டுவிரல் நகத்தளவு சாமான். அந்தக் கையுறையோடு அதைப் பிடிக்கவே முடியாது. கொஞ்ச நேரந்தானே என்று வெறுங்கையால் செய்யத் தொடங்கினேன். முதலில் கை எரிந்தது. அப்புறம் எரிவு நின்றது, அதுதான் ஆபத்தான இடம். கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொடுவது கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை. கொனெக்ரர் விழுந்துவிட்டது. கீழே சினோவில் அது போன துளை மட்டும் இருந்தது. ஏணியால் இறங்கிக் கிண்டிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அன்று அந்த வீட்டு வேலை முடியவில்லை.

ஏன் இப்படி என்று விளங்கினால் கையுறை தேர்வது சுகம். வலது கையால் இடது முன்கையைப் பிடித்துக்கொண்டு இடது விரல்களை ஆட்டிப் பாருங்கள். அசைவு முன்கையில்தான் தெரியும். விரலை இழுக்கிற தசைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. விரலுக்குள் எலும்பும் நரம்பும் கயிறு போன்ற தசைநாண்களும்தான். அங்கே சூடு உண்டாவது மிகக் குறைவு, இரத்தம்தான் கொண்டுவர வேண்டும். உடம்பு குளிர்ந்தால் நெஞ்சையும் வயிற்றையும் காப்பதற்காக விரலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். விரல் தோலின் சூடு ஏறக்குறைய 15 பாகைக்குக் கீழே போனால் நுணுக்கமான வேலை தடுமாறத் தொடங்கும்.

ஆகவே விரலுக்குச் செலவழிப்பதற்கு முன் மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் செலவழியுங்கள். மணிக்கட்டில் இரத்தக் குழாய் தோலுக்குக் கிட்டவே ஓடுகிறது, நாடி பிடித்துப் பார்க்கிற இடம் அதுதானே. கையுறையின் கழுத்து நீளமாக இருந்து ஜக்கெற் கைக்குள் போக வேண்டும். நான் பழைய உல் சொக்ஸின் பாதப் பகுதியை வெட்டிவிட்டு மிச்சக் குழாயை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இழுத்துப் போட்டுக்கொள்வேன். கடையில் வாங்கிய எதையும்விட அது எனக்கு உதவியது. தலையும் நெஞ்சும் நன்றாக மூடியிருந்தால் மெல்லிய கையுறைகூட ஆச்சரியப்படுத்தும்.

விரலுக்கு மொத்தமான கையுறை அவ்வளவு பிரயோசனப்படாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. விரல் ஒரு ஒல்லிக் குழாய். அதன்மேல் பஞ்சு சுற்றச் சுற்ற, காற்றுக்குச் சூட்டைக் கொடுக்கிற வெளிப்பரப்பும் கூடிக்கொண்டே போகும். நாலு விரலும் ஒன்றாகக் கிடந்தால் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும்.

உள்ளே போடுகிறதற்கு மெரினோ உல் நல்லது. அது தன் எடையில் மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் ஈரமாகத் தெரியாது. நன்றாக நீட்சியுள்ள மெல்லிய பொலியெஸ்டர் பிளீஸும் சரி, கெதியாகக் காயும். பருத்தி மட்டும் வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு கையைக் குளிரவைக்கும். உல் பின்னலுக்குள்ளால் காற்று புகுந்துவிடும். காற்றடிக்கிற நாளில் அதற்கு மேலே ஆட்டுத்தோல் வேலைக் கையுறை ஒன்று போடலாம். மாட்டுத்தோலைவிட மெல்லிசு, வளையும். பிவிசி பூசியது குளிரில் விறைத்து நிற்கும், நைட்ரைல் என்கிற செயற்கை றப்பர் பூசியது அவ்வளவு விறைக்காது. ஈரச்சினோ கொட்டுகிற நாளில் டொக்டர்மார் போடுகிற மெல்லிய நைட்ரைல் கையுறையை உல்லுக்கு மேலே இழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு மணித்தியாலம் வரை நன்றாகக் காத்தது. அதற்குப் பிறகு உள்ளே வியர்த்துவிடும், மாற்ற இன்னொரு சோடி வேண்டும்.

வேலைக் கையுறைகளின் லேபிளில் சில எண்கள் இருக்கும். ஐரோப்பிய தரமான இஎன் 511 என்று இருந்தால் மூன்று இலக்கம் பாருங்கள்: முதலாவது காற்றுக் குளிருக்கு, இரண்டாவது குளிர்ந்த பொருளைத் தொடுவதற்கு, இரண்டுமே 0 முதல் 4 வரை. மூன்றாவது தண்ணீர் உள்ளே வருமா என்பது, 0 அல்லது 1. உங்களுக்கு இரண்டாவது முக்கியம், ஏனென்றால் நாள் முழுக்கப் பிடிப்பது இரும்பும் அலுமினியமும். விரல் நுணுக்கத்துக்குத் தனியாக 1 முதல் 5 வரை ஒரு மட்டம் உண்டு. 5 என்றால் அந்தக் கையுறையோடு 5 மில்லிமீற்றர் விட்டமுள்ள சின்னக் கம்பித் துண்டைப் பொறுக்கலாம், 1 என்றால் 11 மில்லிமீற்றர்தான். கமெரா ஸ்குரூவுக்கு 5 பாருங்கள்.

இந்த எண்களை மட்டும் நம்பாதீர்கள், வீட்டிலேயே சோதியுங்கள். போன வருசம் அக்காவின் மகன் போகும்போது இப்படித்தான் செய்தோம். வீட்டு பிறீசர் சாதாரணமாக மைனஸ் 18 பாகையில் இருக்கும், ரொறன்ரோவின் கடுங்குளிர்க் காலை போல. கையுறையோடு கையை அதற்குள் வைத்து, உறைந்த மீன் பைக்கற் ஒன்றை இரண்டு நிமிசம் பிடிக்கச் சொன்னேன். உடனே அக்கா சுளகில் உளுந்தைப் பரப்பி அவன் முன்னால் வைத்தா: கல்லைப் பொறுக்கடா. நாலு சோடி இருந்தது. அதிலே நல்ல சூடான சோடிதான் தோற்றது. விரல் நுனியின் நடுவில் தையல் ஓடியிருந்தது, கல் அந்தத் தையலில் பட்டு உருண்டு உருண்டு போனது. தையல் பக்கவாட்டில் இருந்த மெல்லிய உல் சோடியால் அவன் ஒவ்வொரு கல்லாக எடுத்தான். தையல் எங்கே இருக்கிறது என்று எந்த லேபிளும் சொல்லாது, விரலை விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அளவு அதைவிட முக்கியம். கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி நாடாவால் அளவுங்கள். 178 மில்லிமீற்றர் என்றால் அளவு 7, 203 என்றால் 8, 229 என்றால் 9. இறுக்கமாக இருந்தால் சூட்டைப் பிடிக்கிற காற்றுப் படை நசுங்கும், இரத்த ஓட்டமும் குறையும். விரல் நுனியில் துணி மிஞ்சி நின்றால் ஸ்குரூவோடு சேர்ந்து சுற்றும்.

இங்கே வாங்கலாமா? உள்ளே போடும் மெல்லிய சோடி, கையில் போட்டுப் பார்க்கக் கிடைத்தால் வாங்குங்கள், இரண்டு சோடி. ஹாட்வெயார் கடையில் கிடைக்கிற, உள்ளங்கையில் றப்பர் பூசிய மெல்லிய நைலோன் கையுறை குளிருக்கு உதவாது. ஆனால் இப்போதே அதைப் போட்டுக்கொண்டு நல்லூரிலோ சுன்னாகத்திலோ நாலு கமெரா பூட்டிப் பழகுங்கள், கையுறையோடு வேலை செய்வதும் ஒரு பழக்கம்தான். மோட்டார்சைக்கிள் கையுறை வேண்டாம். மிற்றனை அங்கே போய் வாங்குங்கள்.

இங்கே தைப் பனி தரையைத் துளைக்கும் என்கிறோம், ஆனால் 20 பாகைக்குக் கீழே போவதே அபூர்வம். அங்கே காற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால், திறந்திருக்கிற தோல் 10 முதல் 30 நிமிசத்துக்குள் உறையலாம். அன்று மெல்லிய கையுறையை நம்பி ஏணி ஏறாதீர்கள், வேலையைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேளுங்கள். விரல் நுனி வெளிறி மரத்துப்போனால் தேய்க்கவே கூடாது. உள்ளே போய், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டில், 37 முதல் 39 பாகைத் தண்ணீரில் வையுங்கள். உணர்வு திரும்பாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இங்கேயே குளிர்ந்த தண்ணீர் பட்டதும் விரல் வெள்ளையாகிறதென்றால் போவதற்கு முன் டொக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, ஸ்குரூக்களை வெளிப் பெட்டியில் வைக்காமல் ஜக்கெற்றின் உள் பொக்கற்றில், உடம்புச் சூட்டில் வையுங்கள். றப்பர் பிடியுள்ள குறடு வாங்குங்கள். உள்ளங்கையை அளந்துவிட்டு அந்த இலக்கத்தை எனக்கு எழுதுங்கள், எந்த அளவு பொருந்தும் என்று சொல்கிறேன்.