மீன் வளர்ப்பு: கேள்வி பதில்

கேள்வி: மீன் கட்டிய பாலிதீன் பையின் மேல் மார்க்கரால் எழுதினால் மீன் செத்துவிடுமாமே, உண்மையா?

பதில்: வாய்ப்பு உண்டு. பாலிதீன் தண்ணீரைத்தான் தடுக்கும். மார்க்கர் மையில் உள்ள சைலீன், டொலுயீன் போன்ற கரைப்பான்கள் மெல்லிய பையை ஊடுருவும். கையளவுத் தண்ணீரில் குஞ்சுகள் இருந்தால் ஆபத்து அதிகம். (பையில் செத்த மீனுக்கெல்லாம் மார்க்கர்தான் காரணம் என்பதும் சரியில்லை. பல நேரம் அம்மோனியாதான் காரணம்.) காற்றைக் கடத்தும் 'பிரீதர்' பையில் எழுதவே கூடாது. சீட்டில் பென்சிலால் எழுதி, இரட்டைப் பையின் இரண்டு உறைகளுக்கும் நடுவில் செருகுங்கள். நனைந்தாலும் பென்சில் எழுத்து கலையாது. ஸ்டிக்கர்தான் வேண்டுமென்றால், தண்ணீர் ஊற்றும் முன்பே வெளிப்பையில் ஒட்டிவிடுங்கள். ஈரப் பையில் அது ஒட்டாது.

கேள்வி: கில்லி என்ற சின்ன வண்ண மீனின் முட்டைகளை ஈரத் தேங்காய் நார்த்தூளில் வைத்திருக்கிறேன். சீட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

பதில்: முழு அறிவியல் பெயர், எந்த ஊரில் பிடித்த வகை, முட்டை எடுத்த தேதி, குஞ்சு பொரிக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டிய தேதி. நோத்தோபிராங்கியஸ் கூந்தரி என்ற கில்லி இனம் என்றால், முட்டை எடுத்ததிலிருந்து 24 டிகிரியில் ஏறத்தாழ 3 மாதம். வெப்பம் கூடினால் நாள் குறையும் என்பதால் வெப்பநிலையையும் குறியுங்கள். தேதியை 3/4 என்று எழுதாதீர்கள். அமெரிக்காவுக்குப் போனால் மார்ச் 4 ஆகிவிடும். '3 ஏப்ரல் 2025' என்றே எழுதுங்கள்.

ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். நோத்தோபிராங்கியஸ் இனங்களில் ஆண்தான் வண்ணம் காட்டும். பெட்டைகள் எல்லாம் ஒரே சாம்பல் பழுப்பு. சீட்டு மாறினால் கண்ணால் பிரிக்க முடியாது, அடுத்த தலைமுறை கலப்பாகிவிடும்.

தாள் சீட்டை ஈர நார்த்தூளுக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா மூடியில் விரல் அகலத் துண்டு வெட்டி, உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். அதையே இன்னொரு சீட்டில் எழுதி வெளியேயும் ஒட்டுங்கள்.

கேள்வி: டப்பாவில் எங்கே ஒட்டுவது?

பதில்: உடம்பில். மூடியில் ஒட்டினால், நான்கு டப்பாக்களை ஒரே நேரத்தில் திறக்கும் நாளில் மூடிகள் மாறும்.