ராட்சத ஆமைகள் உண்மையிலேயே 200 ஆண்டுகள் வாழுமா? எப்படி?

வாழக்கூடும். ஆனால் 200 என்ற எண்ணைக் கொஞ்சம் நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏதோ வாட்ஸ்அப் வீடியோ பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் 500, 1000 என்று அடித்துவிடுவார்கள்.

நான் விலங்கியல் படித்தவன் அல்ல. இந்தியப் பெருங்கடலில் உள்ள சீஷெல்ஸ் நாட்டின் மாஹே தீவில் கணக்கு வேலை பார்க்கிறேன். ஆனால் இந்த ஆமைகளின் சொந்த மண் இது. விடுமுறை நாட்களில் விக்டோரியா தாவரவியல் பூங்காவில் இவற்றின் பக்கத்தில்தான் இருப்பேன். அதனால் "உனக்கென்ன தகுதி" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

ஆதாரத்தோடு பேசுவதென்றால் ஜொனாதன் என்ற ராட்சத ஆமையைத்தான் சொல்ல வேண்டும். 1882-ல் இங்கிருந்து அட்லாண்டிக் கடலில் உள்ள செயின்ட் ஹெலினா தீவுக்குக் கப்பலேறியபோதே அது முழுதாக வளர்ந்திருந்தது. அந்த வளர்ச்சிக்கு 50 வயதாவது ஆகியிருக்கும் என்று கணக்கிட்டு, பிறப்பை 1832 வாக்கில் வைக்கிறார்கள். கொல்கத்தா அலிப்பூர் பூங்காவில் 2006-ல் இறந்த அத்வைதா என்ற ஆமைக்கு 250 வயது என்பார்கள். ராபர்ட் கிளைவ் வளர்த்தது என்றும் சொல்வார்கள். அதற்கெல்லாம் உறுதியான சான்று இல்லை. ஓட்டு வளையங்களை எண்ணி வயது சொல்வதும் சரிப்படாது, கிழ ஆமைகளுக்கு அவை தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும்.

போன வருடம் ஊரிலிருந்து மாமா குடும்பம் வந்திருந்தது. பூங்காவில் மாமா தன் பேரனைத் தூக்கி ஓர் ஆமையின் முதுகில் உட்கார வைத்து போட்டோ எடுக்கப் பார்த்தார்.

"இறக்கி விடுங்க மாமா."

"கல்லு மாதிரி கிடக்கு, அதுக்கு என்னடா தெரியப்போகுது?"

எனக்குச் சுருக்கென்றது. விலா எலும்புகளும் முதுகெலும்பும் ஒன்றாக இறுகியதுதான் ஓடு. மேலே இருக்கும் தகடு நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டின். அடியில் நரம்பு ஓடுகிறது, தொட்டால் தெரியும். பையனை இறக்கி, அவன் கையைப் பிடித்து ஆமையின் கழுத்தடியில் தடவ வைத்தேன். முதலில் புஸ்ஸென்று மூச்சு விட்டது. அப்புறம் நான்கு கால்களையும் ஊன்றி எழுந்து, சுருக்கம் விழுந்த கழுத்தை நீட்டி, தலையைத் தூக்கி அப்படியே நின்றது. பையன் கையை எடுக்கவே இல்லை. மாமா மட்டும் "ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார்.

வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான். கடற்கரையைப் பார்த்துவிட்டு "உனக்கென்னப்பா, ராஜ வாழ்க்கை" என்பார்கள். இங்கே அரிசியிலிருந்து வெங்காயம் வரை கப்பலில் வர வேண்டும், விலை வயிற்றெரிச்சல். அனுப்புகிற பணத்தை மட்டும் "இவ்வளவுதானா" என்று கேட்பார்கள்.

சரி, எப்படி என்றுதானே கேட்டீர்கள். இவற்றின் உடல் மிக மெதுவாக ஆற்றலைச் செலவழிக்கிறது. இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே 20, 30 ஆண்டுகள் ஆகும். ஓட்டின் தயவால் வளர்ந்த ஆமையைத் தின்ன விலங்குகள் அநேகமாக இல்லை, எனவே அவசர அவசரமாக முட்டையிட்டுச் சாக வேண்டிய கட்டாயமும் இல்லை. 2018-ல் சீஷெல்ஸின் அல்டாப்ரா தீவு ராட்சத ஆமை, கலாபகஸ் தீவுகளில் தன் இனத்தின் கடைசி ஆமையாக இருந்து இறந்த 'லோன்சம் ஜார்ஜ்' இரண்டின் மரபணுத் தொகுதியையும் ஆராய்ந்தபோது, டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும், புற்றுநோயைத் தடுக்கும் மரபணுக்களில் தனி மாற்றங்கள் தெரிந்தன. 2022-ல் விலங்குக் காட்சியகங்களில் உள்ள 52 ஆமை இனங்களைப் பார்த்ததில் முக்கால்வாசிக்கு மூப்பு மிக மெதுவாக வருகிறது, அல்லது வருவதாகவே தெரியவில்லை. சாகாவரம் என்று அர்த்தமில்லை. நோய் வந்தால் சாகும், அடிபட்டால் சாகும்.

மனிதன் கையில் செத்தவையும் கொஞ்சநஞ்சமல்ல. தீனி இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் மாலுமிகள் கறிக்காகக் கப்பலில் அடுக்கிக்கொண்டு போனார்கள். மொரீஷியஸ், ரீயூனியன், ரோட்ரிக்ஸ் தீவுகளின் சொந்த இனங்கள் அடியோடு அழிந்தன. 1874-ல் டார்வின் உள்ளிட்டவர்கள் மொரீஷியஸ் ஆளுநருக்கு மனு எழுதி அல்டாப்ரா ஆமைகளைக் காக்கச் சொன்னார்கள். இன்று அல்டாப்ராவில் சுமார் ஒரு லட்சம் இருக்கின்றன.

ஒருவேளை ஆமை வளர்க்கும் ஆசையில் கேட்டிருந்தால்: நம்மூர் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது அதிர்ஷ்டம் என்று சொல்லி விற்க வந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.