கூறுகிறாரா, சத்தியம் செய்கிறாரா?

அன்புள்ள ஐயா,

டெல்லி திஸ் ஹசாரி கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறேன். எங்கள் கட்சிக்காரர் தஞ்சாவூர்ப் பெரியவர். அவர் படித்துப் பார்ப்பதற்காகப் பிராதை, அதாவது வழக்கு மனுவை, தமிழில் எழுதுகிறேன். பத்திக்குப் பத்தி ‘அவெர்’ (aver) என்ற ஆங்கில வினைச்சொல் வருகிறது. ‘கூறுகிறார்’ என்றால் சப்பென்று இருக்கிறது. ‘சத்தியம் செய்கிறார்’ என்று போடலாமா?

வி., மயூர் விஹார்

அன்புள்ள வி.,

போடாதீர்கள். சத்தியம் வேறு, இது வேறு.

லத்தீனில் ‘வேருஸ்’ என்றால் உண்மையானது. அங்கிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல் இது. ‘வெரிஃபை’, ‘வெர்டிக்ட்’ எல்லாம் இதன் பங்காளிகள். ‘வெரி குட்’ என்கிறோமே, அந்த ‘வெரி’யும்தான். சிலர் ‘ஏவர்’ என்று வாசிக்கிறார்கள். அழுத்தம் இரண்டாம் அசையில் விழ வேண்டும்.

‘அவெர்’ செய்கிறவர் கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை. ‘இது நடந்தது, கேட்டால் நிரூபிக்கிறேன்’ என்று பொறுப்பேற்றுச் சொல்கிறார், அவ்வளவுதான். சொன்னதால் அது உண்மையாகிவிடாது. ஆனால் எதிர்தரப்பு சும்மா இருக்கவும் முடியாது. 1908 சிவில் நடைமுறைச் சட்டத்தின் 8ஆம் கட்டளை 5ஆம் விதிப்படி, குறிப்பாக மறுக்காத கூற்றை ஒப்புக்கொண்டதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். ‘கூறுகிறார்’ உங்களுக்குச் சப்பென்று பட்டது இதனால்தான். இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சவால் நிற்கிறது.

சத்தியத்துக்கு இடம் அஃபிடவிட் என்கிற பிரமாணப் பத்திரமும் சாட்சிக் கூண்டும். அங்கேகூடக் கடவுள் பெயர் கட்டாயமில்லை. சத்தியம் செய்வது பற்றிய 1969 ஆணைமொழிச் சட்டம் ‘உளமார உறுதி’ கூறவும் வழிவிடுகிறது.

இந்த வித்தியாசத்தை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. டெல்லிக்கு வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் என் இனிஷியலை விரித்து, அப்பா பெயரையே என் பெயராக்கிவிட்டார்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் கேட்டார்கள். பாட்டியாலா ஹவுஸ் கோர்ட் வாசலில் மரத்தடி டைப்பிஸ்ட் இந்தியில் அடித்துக் கொடுத்தார்: ‘சபத்பூர்வக் பயான் கர்தா ஹூம்’. எழுத்துக்கூட்டி வாசித்தபோதுதான் உறைத்தது. ‘சபத்’ சத்தியம், ‘பயான்’ கூற்று. சத்தியம் தனியாகவும் சொல்வது தனியாகவும் நின்றன. அப்பா பெயருக்குக் கீழே என் கையெழுத்தைப் போடும்போது கை கொஞ்சம் நடுங்கியது, உண்மையைத்தான் சொல்கிறேன் என்று தெரிந்தும்.

சரி, உங்கள் பிராதுக்கு வருவோம். ‘உறுதிபடக் கூறுகிறார்’ என்று எழுதுங்கள். ‘சாதிக்கிறார்’ என்று மட்டும் வேண்டாம். தமிழில் அதற்குப் பொய்யைப் பிடித்துத் தொங்குகிற வாடை உண்டு. அப்புறம், பெரியவருக்குப் போனில் வாசித்துக் காட்டும்போது பேச்சுத் தமிழிலேயே சொல்லிவிடுங்கள்: “இதெல்லாம் நீங்க அடிச்சுச் சொல்றதா எழுதியிருக்கோம் ஐயா. நாளைக்குக் கூண்டுல நிறுத்திக் கேட்டா, ஒவ்வொண்ணுக்கும் உங்ககிட்ட பதில் இருக்கணும்.”