புகைமூட்ட இழப்பீட்டுக்கு 200 ரிங்கிட் கட்டாதீர்கள்

ஜொகூர் பாருவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் மகனுக்கு ஆஸ்துமா. இந்தோனேசியாவின் சுமத்ராவில் எரித்தால் இங்கே அவனுக்கு மூச்சுத் திணறுகிறது. எரிப்பவன் மீது வழக்குப் போடாமல் அரசு ஏன் ஆசியான் கூட்டத்துக்கே போய்க்கொண்டிருக்கிறது? 200 ரிங்கிட் கட்டினால் சிங்கப்பூரில் இழப்பீட்டு வழக்கில் சேர்த்துவிடுகிறேன் என்கிறார் ஒருவர். கட்டலாமா?"

கட்டாதீர்கள் அம்மா. சிங்கப்பூரின் 2014 எல்லைதாண்டிய புகைமூட்டச் சட்டம், புகைக்குக் காரணமான கம்பெனிக்கு நாளொன்றுக்கு ஒரு லட்சம் டாலர் வரை அபராதம் போடக்கூடியது. தனி ஆளும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் அது சிங்கப்பூரில் ஏற்பட்ட பாதிப்புக்கு மட்டும். மலேசியாவில் அப்படி ஒரு சட்டமே இல்லை. புகைமூட்டம் வந்தால் கூடவே இந்த வசூல்காரர்களும் வருவார்கள். அடையாள அட்டை நகலை மட்டும் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

சரி, ஆசியான் என்கிற தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பில் கூட்டம் எதற்கு? தீ எரியும் இடத்தைச் சாட்டிலைட் காட்டும். அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைக் காட்டாது. நிலம் யாருடையது என்று சொல்லும் வரைபடம் ஜகார்த்தாவின், அதாவது இந்தோனேசிய அரசின், கையில். நம் அதிகாரி அங்கே போய்த் தோட்டக் கேட்டைத் திறக்கச் சொல்ல முடியாது. எரிவதும் சாதாரணக் காடல்ல. செம்பனை நடுவதற்காக வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்த சதுப்பு நிலம். மண் என்று நாம் மிதிப்பது பல அடி ஆழத்துக்கு மக்காத வேரும் தழையும்தான். மேலே அணைத்தாலும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும், வாரக்கணக்கில். அந்த வாய்க்காலை அடைத்து நிலத்தை ஈரமாக்குவதே தீர்வு. அதை இந்தோனேசியாதான் செய்ய வேண்டும். அந்தத் தோட்டங்களில் மலேசிய, சிங்கப்பூர் முதலாளிகளும் இருப்பதால் நாமும் யோக்கியர்கள் போலப் பேச முடியாது.

எல்லை தாண்டும் புகைமூட்டத்தைத் தடுப்பதற்கான ஆசியான் ஒப்பந்தம் 2002-ல் கையெழுத்தானது. இந்தோனேசிய நாடாளுமன்றம் அதை ஏற்றது 2014-ல்! பன்னிரண்டு வருடம். அந்த இடைவெளியில்தான், 2013 ஜூனில், சிங்கப்பூரின் காற்றுமாசு அளவு 401-ஐத் தொட்டது. இப்போதும் மீறுகிற நாட்டுக்கு ஒப்பந்தத்தில் தண்டனை கிடையாது. எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆனாலும் வேறு வழி இல்லை.

நிலத்தை எரிக்கக் கூடாது என்ற தடையில் உள்ள ஒரு விலக்கை மட்டும் விளக்கிவிடுகிறேன், எல்லோரும் குழம்புவது இங்கேதான். இந்தோனேசியாவின் 2009 சுற்றுச்சூழல் சட்டம், குடும்பத்துக்கு 2 ஹெக்டேர் வரை எரித்து உள்ளூர்ப் பயிர் செய்ய கிராமத்து விவசாயியை அனுமதிக்கிறது. அதுவும் தீ பரவாமல் சுற்றிலும் தடுப்பு வெட்டிய பிறகு. குடும்பத்துக்கு, உள்ளூர்ப் பயிருக்கு. கம்பெனிக்கு அல்ல, செம்பனைக்கும் அல்ல. "கிராமத்தான்தான் எரித்தான்" என்று ஒரு தோட்ட நிர்வாகம் சொன்னால், எத்தனை ஹெக்டேர், என்ன பயிர் என்று முதலில் கேளுங்கள்.

மகனுக்கு: ஏபிஐ என்கிற காற்றுமாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே விளையாட விடாதீர்கள். இன்ஹேலரும் மருத்துவர் எழுதிக்கொடுத்த திட்டமும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். "ஓசோன் விட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும்" மெஷினை வாங்கவே கூடாது, ஓசோன் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அந்த ஆளிடம் ஏற்கனவே பணம் கொடுத்திருந்தால், ரசீதோ வாட்ஸ்அப் செய்தியோ எதையும் அழிக்காமல் போலீஸில் புகார் கொடுத்துவிடுங்கள்.