வாசகர் கேள்வி பதில்: பாலைவன ஆமையும் சுரங்க அனுமதியும்

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன், குடியுரிமை இல்லை. நெவாடாவில் பாலைவன ஆமைகள் வாழும் அரசு நிலத்தில் சுரங்கம் தோண்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள். இணையத்தில் வந்த எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டேன். பலன் உண்டா?

பதில்: கையெழுத்தோடு நின்றால் பலன் குறைவு. ஒரே வாசகத்தில் எத்தனை ஆயிரம் கடிதம் வந்தாலும், அனுமதி தரும் அரசுத் துறையில் அவற்றை ஒரே கருத்தாகச் சேர்த்து ஒரே பதில் எழுதிவிடுவார்கள். உங்கள் சொற்களில் அந்தத் துறைக்குத் தனியாகக் கருத்து அனுப்புங்கள். அதற்குக் குடியுரிமை தேவையில்லை.

பின்னால் வழக்கு வந்தால், நீதிமன்றம் பெரும்பாலும் அந்தத் துறையின் கோப்பில் உள்ளதைத்தான் பார்க்கும். துறை பொதுமக்களிடம் கருத்துக் கேட்ட காலத்தில் யாரும் எழுப்பாத ஆட்சேபத்தைப் பிறகு எழுப்பினால், ‘அப்போதே ஏன் சொல்லவில்லை?’ என்று தள்ளிவிட இடமுண்டு. அதனால் ‘இயற்கையைக் காப்பாற்றுங்கள்’ என்று எழுதாமல், சுரங்கத்தின் பாதிப்பு பற்றிய வரைவு அறிக்கையின் பக்க எண்ணைக் குறித்துக் கேள்வி கேளுங்கள். ஆமைக் கணக்கெடுப்பு எந்த மாதம் நடந்தது? இந்த ஆமை வாழ்நாளில் பெரும்பகுதி வளைக்குள்ளேயே கிடக்கும். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபரில்தான் வெளி நடமாட்டம் அதிகம். ஜூலை வெயிலில் தேடிவிட்டு ‘ஆமை இல்லை’ என்று எழுதினால் அதை நம்பக் கூடாது. அடுத்தது குப்பை. சுரங்கத்தின் குப்பையும் தேங்கும் நீரும் மின்கம்பங்களும் அண்டங்காக்கைகளை வரவழைக்கும். குட்டி ஆமையின் ஓடு கெட்டிப்படச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை காக்கை கொத்தித் தின்றுவிடும். இதற்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள்.

ஆமையைப் பார்த்தால் தேதி, இடத்தோடு படம் எடுங்கள். கையில் தூக்கவே வேண்டாம்: பயத்தில் சிறுநீரை வெளியேற்றிவிடலாம், சேமித்த நீர் போய் வறட்சியில் செத்துப்போகவும் கூடும்.

வழக்குப் போட நினைத்தால் இரண்டு விஷயம். அருகிவரும் உயிரினங்கள் சட்டப்படி 60 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும். எந்த விதி மீறப்படுகிறது என்று அதில் தெளிவாக இல்லையென்றால் வழக்கு நிற்காது. அந்த இடத்துக்குப் போய்வரும் பழக்கமும், மறுபடி போகத் திட்டமும் இருப்பதைக் காட்ட வேண்டும். ‘என்றைக்காவது போவேன்’ என்பது போதாது என்று 1992-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேள்வி: சட்டம் இவ்வளவு வலுவானது என்றால் அரசியல் அழுத்தம் எந்த வழியாக நுழைகிறது?

பதில்: நிதி மசோதா வழியாக. டென்னஸியில் டெல்லிகோ அணையை, ஸ்னெயில் டார்ட்டர் என்ற சிறு மீனுக்காக 1978-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு தருவதற்கென்றே அமைத்த குழுவும் மறுத்தது. 1979-ல் நிதி மசோதாவில் ஒரு பிரிவைச் செருகி அணையைக் கட்டி முடித்தார்கள். 2011-ல் மொண்டானா, ஐடஹோ ஓநாய்களின் பாதுகாப்பும் அப்படித்தான் போனது; அதை நீதிமன்றம் பரிசீலிக்கக் கூடாது என்றும் சேர்த்தே எழுதினார்கள். ஆகவே நிதி மசோதா விவாதத்துக்கு வரும் வாரங்களில், பிரிவின் எண்ணைச் சொல்லி உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள்.