மதம் மாறிய ஆதிதிராவிடருக்கு எந்தச் சாதிச் சான்றிதழ்?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். இந்துவாகவே இருக்கும் பெரியப்பா பேரனுக்கு எஸ்.சி. சான்றிதழ் கிடைத்தது, பிளஸ் டூ முடித்த என் மகளுக்கு மறுத்துவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் எங்களுக்கு இன்றும் தனி மூலைதான். ‘இந்து’ என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார் தெரிந்தவர் ஒருவர். எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். ஞாயிறு பூசைக்குப் போய்க்கொண்டே இந்து என்று சான்றிதழ் கேட்பது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று, புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படிப்பு முடிந்து வேலையில் சேர்ந்த பிறகு சான்றிதழ் ரத்தானால் இரண்டுமே போகும். மனமாரத் தாய்மதம் திரும்புவது வேறு. அதற்கும் பூர்வீகச் சாதி, உண்மையாகவே தாய்மதம் திரும்பியது, அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டது ஆகிய மூன்றையும் நிரூபிக்க வேண்டும் (உச்ச நீதிமன்றத்தின் கே.பி. மனு வழக்குத் தீர்ப்பு, 2015).

தாசில்தாரைக் குறை சொல்லிப் பயனில்லை. எஸ்.சி. பட்டியலில் யார் யார் என்று சொல்லும் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் 3-ஆம் பத்திதான் கதவை அடைக்கிறது. முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். மதம் மாறினால் தீண்டாமை விட்டுப்போகும் என்ற எண்ணத்தில் நிற்கிறது அந்த ஆணை. அது உண்மையில்லை என்பதற்கு உங்கள் கல்லறைத் தோட்டமே சாட்சி. ஊரும் திருச்சபையும் சாதியைத் தொடர, அரசு மட்டும் அதைப் பார்க்க மறுப்பதை மதப் பாகுபாடு என்றே சொல்வேன்.

இப்போது கையில் இருக்கும் வழி பி.சி. சான்றிதழ். எந்தத் தலைமுறையில் மாறியிருந்தாலும், ஆதிதிராவிடரிலிருந்து கிறித்தவரானவர்கள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். பெற்றோரின் டி.சி.யில் வெறும் ‘கிறிஸ்தவர்’ என்று மட்டும் இருந்தால் மனு திரும்பிவரும். பூர்வீகச் சாதி தெரியவேண்டும். அதற்கு அந்தப் பெரியப்பா பேரனின் சான்றிதழ் நகலையும், உறவுமுறை காட்டும் ஆவணத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கல்லூரியில் சேர்ந்ததும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கானது) கேட்கத் தவறாதீர்கள். மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடருக்கும் மாநில அரசு அதைத் தருகிறது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பி.சி. என்றதும் இது கிடையாது என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கல்லறை விஷயத்தில் வன்கொடுமைச் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்காது, அதற்கு எஸ்.சி. தகுதி வேண்டும். ஆனால் 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, தீண்டாமையின் பெயரால் ‘எந்த நபரையும்’ இடுகாட்டில் தடுப்பதைக் குற்றம் என்கிறது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும் உண்டு. பாதிக்கப்பட்டவர் எஸ்.சி. என்றால், தடுத்தது தீண்டாமையால்தான் என்று நீதிமன்றமே எடுத்துக்கொள்ளும். இந்தச் சட்ட அனுமானம் உங்களுக்குக் கிடைக்காது என்பதால், தடுத்தது தீண்டாமையால்தான் என்று நீங்களே காட்ட வேண்டும். இரு பகுதிகளின் புகைப்படம், அடக்கப் பதிவேட்டின் நகல், நேரில் கண்ட இருவரின் வாக்குமூலம் ஆகியவற்றோடு காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.